ஒருவர் திறந்த கத்தி

கிளீட் ஹார்பினின் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். 'நல்ல கத்தி, நல்ல மனிதர்' என்று மரத்தில் சுட்டு எழுதியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய எண்ணெய் குடித்தது போல் இருக்கும். அன்றும் இருந்தது.

வண்டியை நிறுத்தினேன். எலோய்சா இறங்கவில்லை. மடியில் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பருத்தி அறுவடை மாதம். ரோட்டோர முள்கம்பியிலெல்லாம் பஞ்சு சிக்கிக் கிடந்தது. காற்றில் தூசி. மேற்கு டெக்சாஸில் இதற்குப் பெயர் நல்ல நாள்.

எலோய்சா பார்ராகன் தனியார் துப்பறிவாளர். சான் அன்டோனியோவிலிருந்து வந்தவர். ஐம்பது தாண்டியவர். சிரிக்கக் கூலி கேட்பவர். நான் டல்லி கிராப். அவருக்கு வண்டி ஓட்டுவேன், கதவு தட்டுவேன், திட்டு வாங்குவேன். பிறந்தது இதே ஊர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி அந்த வாரம் எதுவும் நடக்கவில்லை.

"இதுல என்ன தெரியுது?" என்றார்.

போட்டோவில் ஆர்வல் மீக்ஸின் வைக்கோல் கொட்டகை. தரையில் ஆர்வல். அவருக்கு வலது கை கிடையாது. இளவயதில் பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில் எடுத்துக்கொண்டது. இடது கை நீண்டு கிடந்தது. அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் கவிழ்த்த வாளி. வாளியின் மேல் ஒரு பட்டன் கத்தி, பட்டனை அமுக்கினால் அலகு பாயும் ரகம். சின்னது, மூடினால் உள்ளங்கைக்குள் மறையும். ஆனால் மூடவில்லை. திறந்திருந்தது. சுத்தமாகத் துடைத்திருந்தது. கைப்பிடி ஆர்வலைப் பார்த்து இருந்தது.

"செத்த ஆள். கத்தி. வாளி," என்றேன்.

"வாளி மேல எதுக்கு?"

"கொலைகாரனுக்கு இடுப்புவலி பாஸ். குனிய முடியல."

அவர் சிரிக்கவில்லை. போட்டோவைப் பைக்குள் வைத்தார்.

கொலைகாரன் என்று உள்ளே வைத்திருந்தது இக்னாசியோ லுஹானை. ஆர்வலிடம் மாடு பார்த்தவன். பிரேதத்தை முதலில் பார்த்தவன் அவன். போலீசுக்குப் போன் செய்தவனும் அவன். அவன் செய்த தப்பு அது. கத்தி இக்னாசியோவுடையது என்று கிளீட் சொல்லிவிட்டார். கைப்பிடியில் பொறித்த நம்பரைப் பார்த்ததுமே சொன்னாராம். இந்த நம்பர் கத்தியை நான்தான் அவனுக்கு விற்றேன், நம்பர் எனக்கு மனப்பாடம் என்று. ஊர் நம்பியது. அவனைப் பற்றி நம்புவதற்கு ஊருக்கு அவ்வளவுகூடத் தேவைப்பட்டிருக்காது.

அன்று மதியம் அவனை மாவட்டச் சிறைக்கு மாற்றுவதாக ஏற்பாடு. வழக்கு அங்கே போய்விட்டால் இந்த ஊர் கையைக் கழுவிக்கொள்ளும். பிறகு இக்னாசியோ வெளியே வருவது பெட்டியில்தான்.

முந்தின நாள் அவன் மனைவி செலாவைப் பார்த்தோம். சமையல் மேசையில் உட்கார்ந்து சோளத்தோலில் மாவைப் பொதிந்து தமாலே கட்டிக்கொண்டிருந்தாள். தேவாலய வாசலில் விற்பதற்கு. அழவில்லை. அழுதால் மாவில் உப்புக் கூடிவிடும் என்றாள்.

இக்னாசியோவிடம் பட்டன் கத்தியே கிடையாது என்றாள். கொட்டகை ஆணியில் தொங்கும் கொக்கிக் கத்தியால்தான் அவன் வைக்கோல் கயிறு அறுப்பான். பட்டன் கத்தி முதலாளியுடையது. புதிதாக வாங்கினார், பாதி திறந்து நின்றுவிடும், தொடையில் தேய்த்துத்தான் முழுசாகத் திறப்பார், திட்டிக்கொண்டே இருப்பார். கடைக்குப் போய் மாற்றிக்கொண்டும் வந்தார். மாற்றிய கத்தியும் அப்படியே. சாவதற்கு முந்தின நாள் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாராம்.

"'ஒரே காது நம்பர்ல ரெண்டு கன்னுக்குட்டி'ன்னு சொன்னாராம் டோன்யா," என்றாள் செலா. டோன்யா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. "எங்க வீட்டுக்காரரு பயந்து போயி எல்லாக் கன்னு காதையும் பிடிச்சுப் பார்த்தாரு. எல்லாம் வேற வேற நம்பர்தான்."

நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன். ஆர்வல் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மாட்டுக் காதில் குத்திய அடையாள நம்பர்களைப் படித்தவர். மனிதர்களைப் பற்றியும் மாட்டு பாஷையில்தான் பேசுவார்.

செலாவிடம் நூல்கண்டு இருந்தது, கத்தரி இல்லை. எலோய்சா என் கத்தியை வாங்கித் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் நூலை அறுத்தாள். கத்தியை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"என்ன?" என்றார் எலோய்சா, என் முகத்தைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல பாஸ்."

அது ஒன்றுமில்லாத விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது கடை வாசலில் எலோய்சா வண்டிக் கதவைத் திறந்தார்.

"இன்னைக்கு நான் கத்தி வாங்கப் போறேன். உள்ள வந்து நீ எதையும் திறக்காத."

"வாயையுமா?"

"அதைத்தான் சொன்னேன்."

கடைக்குள் எண்ணெய் வாசம், தோல் வாசம், இரண்டுக்கும் அடியில் ஒரு புளித்த வாசம். சுவரில் மண்டையோட்டுப் பிடி வைத்த கத்திகள். டிராகன் பிடி. எலும்புக்கூட்டுக் கை போட்ட பிடி. ஆப்பிள் நறுக்கக்கூட உதவாத சாமான்கள். வளர்ந்த ஆண்கள் வந்து வாங்கிப் போகிறார்கள்.

கிளீட் பெரிய உடம்பு, சின்னக் குரல். கீழுதட்டுக்குள் எப்போதும் புகையிலை. கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருப்பார். பேச்சின் நடுவே எடுத்து, துப்பி, மூடி போடாமல் வைப்பார். பாதி பாட்டில் பழுப்பாக நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே வாடிக்கையாளர்களுக்கு மிட்டாய்க் கிண்ணம். புளித்த வாசம் எங்கிருந்து என்று கேட்க வேண்டியதில்லை.

அன்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. ஆர்வலின் படம். ஓரத்தில் கறுப்பு ரிப்பன். அடியில் ஓர் உண்டியல், கல்லறைக் கல்லுக்காக.

டெபுடி வெல்டன் புரூவிட் காபிக் கோப்பையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷெரிஃப் ஆபீஸில் இந்த வழக்கைப் பார்ப்பவர். காலைக் காபி அவருக்கு இங்கேதான், இலவசம். எலோய்சா அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த நேரத்தைப் பிடித்தார். மதியம் இக்னாசியோவை ஏற்றிப்போவதற்கான வண்டிச் சாவி வெல்டனின் இடுப்பில் தொங்கியது.

தினமும் பையில் போட்டுக்கொள்ள சின்னதாக ஒரு பட்டன் கத்தி வேண்டும் என்றார் எலோய்சா. கிளீட்டின் முகம் மலர்ந்தது. பச்சைக் கம்பளித் துணியை விரித்தார். ஒரு டிரேயை எடுத்து வைத்தார்.

பிறகு பாடம் எடுத்தார். அலகு மூன்று விரலுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் நீளம் சினிமாக்காரர்களுக்கு. பட்டன் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் பைக்குள்ளேயே அமுங்கித் திறக்கும், தொடை கிழியும். பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு இருப்பது நல்லது. விரலால் தள்ளினால் பட்டன் வேலை செய்யாது. திறக்கும்போது ஒரே சத்தம் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் ஸ்பிரிங் சரியில்லை. திறந்த பிறகு அலகைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், ஆடக்கூடாது. கிளிப் பையைப் பிடிக்க வேண்டும், கிழிக்கக்கூடாது. பையில் இருக்கிறது என்பதே மறந்துபோகும் எடைதான் சரியான எடை.

இதில் மோசம் என்னவென்றால், அவர் சொன்னது அத்தனையும் சரி.

"ஆர்வலுக்கு நான்தான் பார்த்துப் பார்த்துக் குடுப்பேன்," என்றார் கிளீட். "ஒத்தக் கை இருக்கறவன் இந்த மாதிரி சின்னக் கத்தி வச்சுக்கலாம்னு அமெரிக்க சட்டத்துலயே ஒரு வரி இருக்கு மேடம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். என் கையை மில்லு எடுத்துச்சு, பதிலுக்கு கவர்மெண்டு ஒரு கத்தி குடுத்துச்சும்பான்."

புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பாட்டிலை எடுத்துத் துப்பினார்.

ஆர்வலுக்கு அது கத்தி இல்லை. இன்னொரு கை. வைக்கோல் கயிறு, மாத்திரை அட்டை, தொத்திறைச்சி, தபால் உறை எல்லாவற்றுக்கும் அதுதான். நகம் வைத்து இழுத்துத் திறக்கும் கத்தி ஒற்றைக் கைக்காரனுக்கு உதவாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிளீட்டுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக இருவரும் சேர்ந்து மான் வேட்டைக்குப் போனவர்கள்.

எலோய்சா ஒவ்வொன்றாக எடுத்தார். பட்டனை அமுக்கினார். அலகு பாய்ந்தது. ஆட்டிப் பார்த்தார். கொஞ்சம் கனம் என்றோ கிளிப் பிடிக்கவில்லை என்றோ சொல்லி, திறந்தபடியே கிளீட்டிடம் கொடுத்தார். கிளீட் வாங்கித் துணிமேல் வைத்தார். அடுத்தது. அதுவும் திறந்தபடியே துணிக்குப் போனது. சீக்கிரமே பச்சைத் துணியில் ஒரு வரிசை அலகுகள் வாயைப் பிளந்து கிடந்தன.

"இதையெல்லாம் மூடி வைக்கலையா?" என்று கேட்டார் எலோய்சா.

கிளீட் கூச்சத்தோடு சிரித்தார்.

"நீங்க திறந்தது மேடம். நீங்கதான் மூடணும்."

எலோய்சா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். இதில் விளக்க என்ன இருக்கிறது? ஒருவர் திறந்த கத்தியை இன்னொருவர் மூடமாட்டார். மூடினால் திறந்தவருக்குக் கெட்டது நடக்கும். இரவல் வாங்கினால் திறந்தே வாங்கி, திறந்தே கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுப்போம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதுமில்லை. இக்னாசியோவின் ஆட்கள் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மெக்சிகோக்காரர்கள். அவர்களுக்கு இது கிடையாது.

"எங்க மாமா கத்திய ஒருத்தன் மூடிட்டான்," என்றார் வெல்டன், காபியை வாயருகே வைத்தபடி. "அடுத்த வாரமே ஓடிப்போன அத்தை திரும்பி வந்துட்டாங்க."

கிளீட் சிரித்தார். நானும் சிரித்தேன். எலோய்சா கத்திகளை மூடவில்லை. அப்படியே விட்டார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒரு கத்தியைக் கையில் எடுத்து, கைப்பிடியில் ஊசிமுனை அளவுக்குப் பொறித்திருந்த நம்பரை மெதுவாகப் படித்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதே நம்பரைப் படித்தார்.

வெல்டன் கோப்பையை இறக்கினார்.

மூன்றாவதிலும் அதே நம்பர். வெல்டன் தன் பைக்குள் கைவிட்டுத் தன் கத்தியை எடுத்தார். போன கிறிஸ்துமஸுக்கு இதே கடையில் வாங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்த நம்பரை அவர் மறக்க வழியில்லை. ஆர்வலைக் கொன்ற கத்திக்கு அடையாளச் சீட்டு எழுதியவர் அவர்தான். இத்தனை நாளாக அதே நம்பரைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்திருக்கிறார்.

அசல் கத்தி ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் இருக்கும். நகல் அடிப்பவனுக்கு அச்சு ஒன்றுதான்.

என் கத்தியையும் எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"இந்த நம்பரை எனக்கு மனப்பாடமாத் தெரியும்னு சொன்னியே கிளீட்," என்றார் வெல்டன்.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஆனாலும் திறந்தது. "மனப்பாடம் பண்ணக் கடையில ஒரே நம்பர்தானே இருக்கு."

கிளீட்டுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். பாரம் இறக்கியவர் போல முக்காலியில் உட்கார்ந்தார். சரி, நகல்தான் என்றார். எங்கேயோ செய்கிறார்கள், பெட்டியில் வருகிறது. அசல் வாங்க இந்த ஊரில் யாருக்கு வக்கு இருக்கிறது? மேலே கம்பெனிப் பெயர் இருந்தால் போதும் அவர்களுக்கு. சந்தோஷமாகத்தானே வாங்கிப் போனார்கள்? ஒருத்தன் குறை சொன்னானா?

"ஒருத்தர் சொன்னார்," என்றார் எலோய்சா.

எலோய்சா சொல்லச் சொல்ல எனக்குச் செலாவின் மேசை ஞாபகம் வந்தது. முதல் கத்தி பாதியில் நின்றது. ஆர்வல் திருப்பிக் கொண்டுவந்தார். கிளீட் வேறொன்று கொடுத்தார். அதுவும் நின்றது. காது நம்பர் படித்தே பழகிய கண் அந்தக் கைப்பிடியைப் படித்தது. முதல் கத்தியில் படித்த நம்பர் அந்தக் கண்ணுக்கு மறக்கவில்லை. ஒரே காது நம்பரில் இரண்டு கன்றுக்குட்டி. மாட்டுச்சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். திருட்டு.

முப்பது வருடச் சிநேகிதன், இன்னொரு கையாக வைத்துக்கொள் என்று, ஒற்றைக் கைக்காரனுக்குப் போலியைக் கொடுத்திருக்கிறான். இரண்டு தடவை.

கண்ணாடிப் பெட்டியின் மேல் ஆர்வல் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் படத்தைத் திருப்பி வைக்க வேண்டும் போலிருந்தது.

வெல்டன் எழுந்தார். இக்னாசியோவுக்குக் கத்தி விற்றதாகச் சொன்னது பொய்தானே என்று கேட்டார். கிளீட் தலையாட்டினார். மறுக்கவில்லை. ஆர்வலுக்கு விற்றது என்று சொன்னால் நகல் விஷயம் வெளியே வரும், அதற்குப் பயந்து சொன்ன பொய் என்றார். தப்புத்தான். அபராதம் கட்டுகிறேன், கடையை வேண்டுமானாலும் மூடுகிறேன் என்றார்.

"ஆனா ஒண்ணு யோசி வெல்டன். கத்தி யாரோடதா இருந்தா என்ன? ஆர்வல் கத்தியப் பிடுங்கி அவனையே குத்த அந்த இக்னாசியோவுக்குக் கை இல்லையா? கொட்டகையில இருந்தது அவன் மட்டும்தான்."

வெல்டன் யோசித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளீட் சொன்னது நியாயமாகவே இருந்தது. பொய் சொன்னவன் எல்லாம் கொலை செய்தவன் இல்லை. வெல்டனின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. மதியம் அந்த வண்டி கிளம்பிவிடும். செலாவிடம் போய் நான் என்ன சொல்வது?

எலோய்சா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். தோற்றுவிட்டவர் போலத்தான் தெரிந்தார். பையைத் தோளில் மாட்டினார். வாசலைப் பார்த்துத் திரும்பினார். அப்புறம் ஏதோ சின்னச் சந்தேகம் வந்தது போல வெல்டனிடம் கேட்டார்.

"அந்தக் கத்தி ஏன் திறந்தே கிடந்துச்சு டெபுடி?"

"என்ன கேக்கறீங்க மேடம்?"

"துடைக்க நேரம் இருந்திருக்கு. மூடினா உள்ளங்கை அளவுதான். பையில போட்டுக்கிட்டுப் போயி ஏதாவது குட்டையில எறிஞ்சிருந்தா நீங்க இன்னும் தேடிட்டுத்தான் இருப்பீங்க. அதை விட்டுட்டு, திறந்தது திறந்தபடியே வாளி மேல வச்சிருக்கான். கைப்பிடி ஆர்வல் பக்கம். ஏன்?"

வெல்டன் பச்சைத் துணியைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெளியே ஒரு பருத்தி லாரி போயிற்று.

க்ளிக்.

திரும்பிப் பார்த்தேன். கிளீட் துணியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து மூடியிருந்தார். அதை டிரேயில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். க்ளிக். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்தது. க்ளிக். எலோய்சா திறந்த கத்திகள். ஒவ்வொன்றாக. சாவகாசமாக. சாயங்காலம் கடை ஒதுக்குபவர் போல.

நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. கிளீட் ஹார்பின் இன்னொருவர் திறந்த கத்தியை மூடி நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

"கிளீட்," என்றார் வெல்டன். "என்ன பண்றே?"

"கடையை ஒழுங்கு பண்றேன்."

"அது மேடம் திறந்தது."

கிளீட்டின் கை நின்றது. கட்டைவிரல் ஓர் அலகின் முதுகில் இருந்தது.

"அதெல்லாம் நான் பாக்கறதில்ல," என்றார். "மூடுவேன். எப்பவும் மூடுவேன். நீதான் பாக்கறியே."

"இப்பத்தானே மூடமாட்டேன்னு சொன்னே."

கிளீட் பாட்டிலுக்குக் கை நீட்டினார். எட்டவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார். நான் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது.

வெல்டன் தன் கத்தியைத் திறந்தார். அலகைத் தன் பக்கம் பிடித்து, கைப்பிடியைக் கிளீட்டிடம் நீட்டினார். "அப்ப இதை மூடு," என்றார். கிளீட் அதை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னக் கத்திக்கு அவ்வளவு பெரிய உடம்பு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டியது. மண்டையோட்டுப் பிடிகள் ஆடின.

"அவன்தான் திறந்தான்," என்றார் கடைசியில். "பாதியில நிக்குது பாருன்னு திறந்து என் கையில குடுத்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான் வெல்டன். கன்னுக்குட்டி கதை சொல்லிச் சிரிச்சான்."

"அதுக்கு?"

"அவன் சிரிச்சிருக்கக் கூடாது."

வெல்டன் தன் கத்தியை மூடிப் பையில் போட்டார்.

"அப்புறம் துடைச்சேன். பையில போடலாம்னுதான் எடுத்தேன். மூட வரல. அவன் திறந்ததுல்ல. நான் எப்படி மூடறது? அவனுக்கு ஏதாவது கெட்டது ஆயிடுமேன்னு…"

அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டார்.

நான் பலவிதமான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வெறியில் குத்தியவன், பசியில் குத்தியவன், குடித்துவிட்டு ஆள் மாற்றிக் குத்தியவன். ஆளைக் குத்திவிட்டு அவன் அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டவனை அன்றுதான் பார்த்தேன். கொன்றது அவருக்கு ஒரு சங்கடம். மூடுவதுதான் பாவம். எங்கள் ஊரில் நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை மொத்தமும் அந்த வாளியின் மேல் கிடந்தது.

வெல்டன் விலங்கை எடுத்தார். கைதிக்குச் சொல்ல வேண்டிய உரிமைகளை மனப்பாடமாகச் சொன்னார். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

வாசலில் கிளீட் என் பக்கம் திரும்பினார்.

"டல்லி, உனக்குத் தெரியும்ல. அந்த உண்டியல்ல முதல்ல போட்டது நான்தான்."

எனக்கு வாயில் வந்தது அச்சில் ஏறாது.

அவர்கள் போன பிறகு எலோய்சா மிட்டாய்க் கிண்ணத்தை எடுத்துக் குப்பையில் கொட்டினார். துணியில் மிச்சமிருந்த கத்திகளைத் தானே மூடினார்.

"எப்பத் தெரிஞ்சுது பாஸ்?"

"செலா உன் கத்திய மூடிக் குடுத்தப்போ உன் மூஞ்சியப் பார்த்தேன். யாரோ உன்னைக் கிள்ளின மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு சொன்னே. இந்த ஊர்ல ஒண்ணுமில்லன்னு சொல்றதையெல்லாம் ரெண்டாவது தடவை கேக்கணும்."

மதியம் வண்டி கிளம்பவில்லை. இக்னாசியோ ஷெரிஃப் ஆபீஸ் பின்வாசல் வழியாக வந்தான். பெல்ட்டும் தொப்பியும் ஒரு காகிதப் பையில். முன்வாசலில் யாரும் இல்லை. அவனைப் பிடித்த அன்று அங்கே நிற்க இடம் இருக்கவில்லை. விடும்போது எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. செலா மட்டும் நின்றாள். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மெலிந்துவிட்டாய் என்று திட்டினாள்.

அவன் கேட்ட முதல் கேள்வி மாடுகளுக்கு யார் தீனி வைத்தது என்பது.

யாரும் வைக்கவில்லை. ஊரில் அத்தனை பேரும் ஆர்வலுக்காக வருத்தப்பட்டார்கள். உண்டியலில் போட்டார்கள். அவர் மாடுகளை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நேராகப் பண்ணைக்குப் போனோம். மாடுகள் வேலியோரம் நின்று கத்தின. கொட்டகைத் தரையில் கறையை மண் போட்டு மூடியிருந்தார்கள். சரியாக மூடவில்லை. இக்னாசியோ தொப்பியைக் கழற்றி அங்கே கொஞ்சம் நின்றான். பிறகு வாளியை நிமிர்த்தி ஓரமாக வைத்தான். வைக்கோல் கட்டு ஒன்றை இழுத்தான்.

ஆணியில் கொக்கிக் கத்தி இல்லை. அதையும் சாட்சியாக எடுத்துப் போயிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

என் கத்தியை எடுத்தேன். பட்டனை அமுக்கினேன். பாதியில் நின்றது. தொடையில் தேய்த்து முழுசாகத் திறந்தேன். கைப்பிடியை அவன் பக்கம் நீட்டினேன்.

அவன் கயிறுகளை அறுத்தான். வைக்கோல் சரிந்தது. மாடுகள் முட்டிக்கொண்டு வந்தன. அவன் அலகைச் சட்டையில் துடைத்து, மூடி, என்னிடம் நீட்டினான்.

க்ளிக் சத்தத்துக்கு என் தோள் சுருங்கியிருக்க வேண்டும்.

"என்ன சார்?" என்றான்.

"எங்க ஊர்ல ஒருத்தர் திறந்ததை இன்னொருத்தர் மூடமாட்டோம்."

அவனுக்குப் புரியவில்லை. என்னையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"திறந்தே வச்சிருந்தா யாரையாவது குத்திடுமே சார்," என்றான்.

எலோய்சா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தியை வாங்கினேன். பையில் போடப் பிடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வைக்கோல் கட்டை இழுத்தேன்.